எட்டே நிறம் தெரிந்த திரை

அத்தியாயம் 7

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் கம்ப்யூட்டரக்கா. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. "வேணும்னா என் கையை வெட்டி எடுத்துட்டுப் போய் அவங்களே போட்டுக்கட்டும்."

"வெட்டின கை கையெழுத்துப் போடாதுங்க. கைநாட்டு வேணா வைக்கும்," என்றான் வெடி.

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வெடி வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் மூடியிருக்காது என்பது அண்ணிக்குத் தெரியும். அவன் அவளுடைய கொழுந்தன். சொல்வதில் பாதி வெடிக்கும், பாதி புஸ்ஸென்று போகும். அந்தப் பெயரை வைத்ததே அவனுடைய அண்ணன்தான். அச்சகத்தில் பதினைந்து வருஷம் பிழை திருத்திவிட்டு அண்ணி துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது, சம்பளமில்லாத உதவியாளனாக அவனும் கூடவே ஒட்டிக்கொண்டான்.

பேட்டரித் தொழிற்சாலையின் கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்குத் தொழிலக ஆய்வாளர் வருகிறார். அதற்குள் கம்ப்யூட்டரக்கா ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். ஈயம் உருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்ற எண், தொழிற்சாலை கிளினிக்கிலிருந்து நேராக சர்வருக்குப் போகும். காகிதமே கிடையாது. நூற்று எண்பத்திரண்டு பேருடைய மூன்று வருஷத்து எண்கள் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரே கட்டளையில் அழிந்து போயின. யார் எங்கிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்ற குறிப்பும் அதோடு சேர்ந்து போனது. நகல் எடுத்து வைக்கும் டிஸ்க், இரண்டு வாரம் முன்புதான் மேலாளர் உத்தரவின் பேரில் ரிப்பேருக்குப் போயிருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவள் கம்ப்யூட்டரக்கா. தொழிலாளிகள் ஆசையாக வைத்த பெயர் அது. அன்றைக்கு அந்த நேரத்தில் சர்வர் அறைக்குள் இருந்தவளும் அவள் ஒருத்திதான்.

"ஏசியில தண்ணி ஒழுகுது, போய்ப் பாருன்னு மேனேஜர்தான் அனுப்பினார்," என்றாள் அவள். "ஒழுகவே இல்ல. திரும்பி வந்துட்டேன். மறுநாள் கையில மெமோ. என் தம்பி வார்ப்புப் பகுதியில இருக்கான். அவனோட நம்பர் ஏறிடுச்சாம், வெளிய தெரிஞ்சா அவனை வேலையை விட்டு நிறுத்திடுவாங்களாம், அதனால நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனாம். தம்பிக்காக நூத்தி எண்பத்தொரு பேர் வயித்துல அடிக்கிறவளா நான்?"

"சாட்சி?" என்றாள் அண்ணி.

"ஒரு போட்டோ. நான் ஏசி பக்கம் திரும்பி நின்னப்போ உள்ள வந்து, திரையைத் தன்னோட போன்ல எடுத்தாராம். மெமோவோட அதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தார். அவர் மேஜையிலேயே நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன்."

"பாத்துட்டுக் கிழிச்சியா, கிழிச்சுட்டுப் பாத்தியா?"

"எங்க பாத்தேன்! வந்த கோபத்துல கண்ணே தெரியல."

வெடி சட்டைப்பையிலிருந்து செல்லோடேப் ஒட்டிய காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தான். "குப்பைத்தொட்டியில கை விடறதுன்னா என்னை விட்டா ஆள் ஏது? கூடவே ஒரு வாழைப்பழத்தோலும் வந்துச்சு. அதைத் திருப்பிப் போட்டுட்டேன்."

கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். ஒரு திரையின் படம். கட்டளை அடிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் தானாகக் காட்டும் அந்த முகப்பு வரியில் கம்ப்யூட்டரக்காவின் பெயர். அதையடுத்து அழிக்கச் சொல்லும் கட்டளை. கீழே மறுபடி அதே முகப்பு வரி, வேலை முடிந்ததைச் சொல்லும் ஒரு சின்ன டிக், ஓரத்தில் நேரம்.

அண்ணி காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இந்த வரி எப்பவும் இப்படித்தான் இருக்குமா? பட்டை பட்டையா?"

"அது என் தீம் அண்ணி. நானே எழுதினது. பேருக்கு ஒரு கலர் பட்டை, ஃபோல்டருக்கு ஒரு பட்டை. அடிச்ச கட்டளை சரியாப் போனா பச்சை டிக், தப்பாப் போனா சிவப்புப் பெருக்கல். நாள் முழுக்க அந்த வரியைத்தானே பாக்கறோம், கொஞ்சம் அழகா இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

"கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையில அடிச்சா, ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு சாம்பலா விழும்," என்றாள் அண்ணி. "அச்சகத்துல இதைப் பாத்துப் பாத்தே எனக்குக் கண்ணாடி வந்துச்சு. இங்க ஒரு சாம்பல். இங்க அதைவிட வெளிறின சாம்பல். நேரத்துக்கு அடியில இன்னொண்ணு. மூணு பட்டை, மூணு நிறம்."

கம்ப்யூட்டரக்கா காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பார்த்தாள். நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றாள்.

"இது சர்வர் ரூம் திரையே இல்ல! வேற ஏதோ கம்ப்யூட்டர்லேர்ந்து என் பேர்ல சர்வருக்குள்ள நுழைஞ்சிருக்காங்க!"

"மெதுவா," என்றான் வெடி. "சுவத்துக்கும் காது உண்டு. இது கேன்டீன், வாயும் உண்டு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரூம்ல இருக்கறது ஆதிகாலத்துத் திரை. அதுக்குத் தெரிஞ்சது மொத்தமே எட்டு நிறம். என் தீம் முதல்ல திரைகிட்ட கேக்கும், உனக்கு எத்தனை நிறம் தெரியும்னு. இருநூத்தம்பத்தாறுன்னு பதில் வந்தாத்தான் பட்டை போடும். எட்டுன்னு வந்தா பட்டையும் கிடையாது, டிக்கும் கிடையாது. வெறும் எழுத்து, ஒரு டாலர் குறி, அவ்வளவுதான். இல்லாட்டி அந்தத் திரையில எல்லாம் கந்தரகோலமாத் தெரியும்."

"அதாவது இல்லாதவன்கிட்ட இருக்கறதைக் கேக்காத நல்ல தீம்," என்றான் வெடி.

"அவர் ஜெராக்ஸ் கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சுடுவார்," என்றாள் அண்ணி எழுந்துகொண்டே. "எனக்கு அந்தப் படம் கலர்ல வேணும். அதுவும் அவர் கையாலேயே."

*

மேலாளர் அறைக்குப் போக வார்ப்புப் பகுதியின் ஓரமாகப் போகவேண்டும். வழிகாட்டக் கம்ப்யூட்டரக்காவின் தம்பி வந்தான். இருபத்தாறு வயது, வெளிறிய முகம், கையில் கழற்றிய முகமூடி. இரும்புக் கதவின் மேல் ஒற்றை விளக்கு. உள்ளே உருக்கும்போது சிவப்பு, நிறுத்தினால் பச்சை. கதவருகே அவன் தயங்கினான்.

"எரியறது பச்சைதானே?" என்றான் வெடியிடம்.

"என்ன சந்தேகம்? பச்சையாவே தெரியுதே!"

தம்பி சிரிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தான். "அக்கா கையெழுத்துப் போடலையில்ல?" என்று மட்டும் கேட்டான்.

"போடலை," என்றாள் அண்ணி.

அவன் தலையை ஆட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனான்.

மேலாளரின் மேஜையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி ஒன்றும் தூசியே படியாத இரண்டு போன்களும் இருந்தன. தான் கம்ப்யூட்டரக்காவின் நாத்தனார் என்று அண்ணி சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.

"அவ பிடிவாதம் பிடிச்சவ சார்," என்றாள் அண்ணி, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு. "நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம். ஜெராக்ஸ்ல ஒண்ணும் தெரியலங்கறா. நல்ல படமா, கலர்ல பாத்தா வாயடைச்சுப் போயிடுவா."

"இவ்வளவுதானே?" மேலாளர் போனை எடுத்துத் தடவி நீட்டினார். கறுப்புத் திரையில் ஆரஞ்சுப் பட்டை, கத்தரிப்பூ நிறத்தில் இன்னொன்று, ஓரத்தில் வெளிர் சாம்பலில் நேரம்.

"பளிச்சுன்னு இருக்கு," என்றான் வெடி. "எங்க கல்யாண ஆல்பத்தை எடுத்தவன் இவ்வளவு பளிச்சுன்னு எடுக்கல சார்."

"இது நீங்களே எடுத்ததுதானே?" என்றாள் அண்ணி. "வேற யாரோ எடுத்தது, வேற எங்கயோ எடுத்ததுன்னு அவ வம்பு பண்ணுவா."

"நானேதான் எடுத்தேன். சர்வர் ரூம்ல, அந்தத் திரையில. மெமோவுல எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேன்."

"அப்படின்னா அந்தத் திரைக்கு முன்னாடியே வச்சுக் காட்டிடுங்க சார். ரெண்டு நிமிஷம் அவளை உள்ள விட்டா, மூணு மணிக்குள்ள முடிஞ்சுடும்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. பூட்டி வைத்திருந்த அவளுடைய கணக்கைத் திறக்கச் சொல்லி யாருக்கோ போன் செய்தார்.

*

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. மூலையில் முதுகு புடைத்த பழைய திரை ஒன்று சின்ன மேஜையில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரக்கா நின்றபடியே தன் பெயரை அடித்தாள், கடவுச்சொல்லை அடித்தாள், கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

கறுப்பில் வெள்ளை எழுத்து. அவள் பெயர். ஒரு டாலர் குறி. அதன் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு.

பட்டை இல்லை. ஆரஞ்சு இல்லை. எதுவும் இல்லை.

"சார், உங்க ஆரஞ்சை யாரோ உரிச்சுத் தின்னுட்டாங்க," என்றான் வெடி.

மேலாளரின் முகம் வெளிறியது. "இவ... இவ இப்ப செட்டிங்கை மாத்திட்டா!"

"எப்ப? உங்க கண்ணு முன்னாடி பேரையும் பாஸ்வேர்டையும் தவிர எதையும் தொடலையே?" அண்ணியின் குரலில் இப்போது நாத்தனார் இல்லை. "அந்த ஃபைலை எப்ப கடைசியா மாத்தினேன்னு காட்டும்மா."

கம்ப்யூட்டரக்கா ஒரு வரி அடித்தாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி வந்து நின்றது.

"யாருங்க நீங்க?" என்றார் மேலாளர்.

"பிழை திருத்தறவ. நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு பிழை இருக்கு. இந்தத் திரைக்கு ஆரஞ்சுன்னா என்னன்னே தெரியாது. இதுல எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க."

"அந்தப் போனைக் குடுங்க, நானும் பாக்கறேன்," என்றாள் கம்ப்யூட்டரக்கா. ஜெயித்தவளின் குரல். படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். பட்டையைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன டிக்கில் அவள் பார்வை நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

போனை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"லெட்டரைக் கொண்டுவாங்க," என்றாள். "கையெழுத்துப் போடறேன்."

வெடி திரும்பி அண்ணியைப் பார்த்தான். முதலில் சுதாரித்தவர் மேலாளர்தான். "நல்லது," என்று சொல்லிக் கதவை நோக்கி விரைந்தார்.

*

அண்ணி அவளை நடைபாதைக்கு இழுத்து வந்தாள்.

"ஜெயிச்சுட்டு யாராவது தோப்பாங்களா?"

"விடுங்க அண்ணி. வேற வேலை தேடிக்கறேன்."

"அந்த டிக்குல என்ன பாத்தே?"

கம்ப்யூட்டரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நானும்தான் பாத்தேன். சரியாப் போனா பச்சை டிக்குன்னு நீதான் சொன்னே. அந்தப் படத்துல இருக்கறது நீலம்."

கம்ப்யூட்டரக்கா சுவரில் சாய்ந்தாள். அண்ணி காத்திருந்தாள். வெடியும் காத்திருந்தான், அது அவனுக்கு வாழ்க்கையில் பெரிய சாதனை.

"பட்டைக்கெல்லாம் நிறத்தோட நம்பரையே குடுத்திருக்கேன்," என்றாள் கடைசியில். "அது எங்க போனாலும் மாறாது. டிக்குக்கு மட்டும் வெறுமனே 'பச்சை'ன்னு எழுதினேன். எந்தப் பச்சைங்கறது அந்தந்தக் கம்ப்யூட்டரோட இஷ்டம். ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும்..."

"...பச்சைன்னு சொன்னா நீலத்தைக் காட்டுன்னு மாத்தி வச்சே," என்று அண்ணி முடித்தாள். "ஏன்னா அதை வச்சிருக்கறவனுக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணு. கதவுக்கு மேல எரியற விளக்கு பச்சையான்னு அடுத்தவனைக் கேக்கறவன்."

வெடி நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ! நான் அதை வச்சு ஜோக் வேற அடிச்சேனே."

"என் பழைய லேப்டாப்," என்றாள் அவள். "ஈயத்துலேர்ந்து வெளிய வரட்டும்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். மத்தியானம் சாப்பிடாம உக்காந்து கத்துப்பான். அவன் போலீஸுக்குப் போகக் கூடாது அண்ணி. நான் போறேன்."

"உன்னை யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கக் கூடாதுன்னுதானே என்னைக் கூப்பிட்டே? பாசம் வந்து மிரட்டினாலும் அது மிரட்டல்தான்." அண்ணி திரும்பினாள். "வெடி, அந்தப் பையனைக் கூட்டிட்டு வா."

"வேணாம்!" என்றாள் கம்ப்யூட்டரக்கா. ஆனால் வெடி ஓடிவிட்டிருந்தான்.

தம்பி வந்தபோது கையில் கறுப்பு லேப்டாப் பை இருந்தது. வெடி கேட்காமலேயே அவன் லாக்கரைத் திறந்து எடுத்து வந்தானாம். அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னோட நம்பர் மட்டும்தான் அழியும்னு சொன்னாருக்கா," என்றான். "ஆய்வாளர் அதைப் பாத்தா அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னார். தன்னோட ரூமுக்குக் கூப்பிட்டு, என் லேப்டாப்பையே திறக்கச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டைப் பாத்து ஒவ்வொரு எழுத்தாச் சொன்னார். உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அடிச்சேன். பின்னாடி நின்னு போட்டோ எடுத்தது எனக்குத் தெரியாது. எல்லாம் போயிடுச்சுன்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது. வாயைத் திறந்தா உங்க அக்காதான் ஜெயிலுக்குப் போவான்னார். நீ கையெழுத்துப் போட்டா கேஸ் இல்லன்னார்."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டே."

அவள் கையை ஓங்கினாள். அவன் நகரவில்லை. ஓங்கிய கை அவன் தலையில் போய் இறங்கி, ஒரு கணம் அப்படியே இருந்தது.

"எவ்வளவு?" என்றாள். "உன் நம்பர் எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். முப்பதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று கிளினிக் சுவரில் எழுதியிருந்தது.

"தம்பி," என்றாள் அண்ணி, "அவர் தந்திரக்காரர்தான். ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டார். படத்துல இருக்கறது உன் லேப்டாப்னு அந்த நீல டிக் சொல்லுது. அந்தப் படத்தை எடுத்தது அவர்தான்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். அப்ப உன் முதுகுக்குப் பின்னாடி நின்னது யாரு?"

"அவர் வெட்டின குழி," என்றான் வெடி, "அளவெடுத்த மாதிரி அவருக்கே."

*

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஆய்வாளர் வந்துவிட்டார். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, கையில் தடித்த ஃபைல். அவர் உட்கார்ந்ததும் மேலாளர் குரலைக் குழைத்தார்.

"துரதிர்ஷ்டம் மேடம். ஒரு ஊழியர் பண்ணின துரோகத்தால ரத்தப் பரிசோதனைப் பதிவு எதுவும் இப்ப இல்ல. அவங்க ராஜினாமா பண்றாங்க. இதோ, லெட்டர் தயாரா இருக்கு."

கம்ப்யூட்டரக்கா மேஜைக்கு வந்தாள். கடிதத்தை எடுத்தாள். அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"போன தடவை ஜெராக்ஸை நாலாத்தான் கிழிச்சேன்," என்றாள் அவள். இந்த முறை எட்டாகக் கிழித்தாள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்!" என்றார் மேலாளர்.

"கூப்பிடுங்க," என்றது கதவருகிலிருந்து ஒரு குரல். தம்பி. லேப்டாப்பை ஆய்வாளர் முன்னால் வைத்துத் திறந்தான். ஆரஞ்சுப் பட்டை, கத்தரிப்பூப் பட்டை, நீல டிக். "அழிச்ச கை என்னோடது மேடம். அதை ஒளிக்க மாட்டேன். அடிக்கச் சொன்ன வாய் அவரோடது. அவர் போன்ல இருக்கற படத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அவர் இதை சர்வர் ரூம்ல எடுத்ததா எழுதியிருக்கார்."

அண்ணி ஒட்டுப்போட்ட ஜெராக்ஸையும் மெமோவையும் ஆய்வாளரிடம் நீட்டினாள். ஆய்வாளர் படித்தார். பிறகு கையை மேலாளர் பக்கம் நீட்டினார். "போனைக் குடுங்க."

மேலாளர் கொடுக்கவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, அப்படியே இருக்கட்டும்," என்றார் வறட்டுச் சிரிப்போடு. "யார் அழிச்சா என்ன? அழிஞ்சது அழிஞ்சதுதானே? மூணு வருஷத்துப் பதிவும் இல்ல. எந்த நம்பரை வச்சு எங்களை என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னது உண்மை.

தம்பிதான் முன்னால் வந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, மேஜையில் வைத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊசிக்கு நீட்டிப் பழகிய கை.

"நீங்க அழிச்சது பதிவைத்தான் சார்," என்றான். "ரத்தம் இங்கதான் இருக்கு. இதுல இருக்கற ஈயத்தை எந்தக் கட்டளை போட்டு அழிப்பீங்க?"

பின்னால் செருப்புச் சத்தம். வார்ப்புப் பகுதி ஆட்கள் நடைபாதையில் திரண்டிருந்தார்கள். தம்பியை மட்டும் கூட்டி வரச் சொல்லி அனுப்பிய வெடி, அங்கே எல்லோரிடமும் விஷயத்தையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசை முழுக்க.

"வேலைக்குப் போங்கடா!" என்று மேலாளர் கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை.

ஆய்வாளர் போனை எடுத்தார். "லேப் வண்டியை அனுப்புங்க. ஊசி இருநூறு வேணும்," என்றார். பிறகு மேலாளரைப் பார்த்து, "நீங்க எங்கயும் போயிடாதீங்க. உக்காருங்க."

கம்ப்யூட்டரக்கா மேலாளரின் மேஜையிலிருந்தே ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை பேனாவுல எழுதறேன்," என்றாள். "வரிசையா வாங்க. முதல் ஆள் யாரு?"

"நான்தான்," என்றான் தம்பி.